கிரேன் மாமாவுக்கு வந்த பயம்

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

கண்டுபிடிச்சுட்டேன் மாமா, உங்க சர்க்கரையைக் கீழ இறக்கப் போற ஆளு வேற எங்கயும் இல்ல, உங்க முழங்காலுக்குக் கீழ, பேன்ட்டுக்குள்ளயே சும்மா தூங்கிட்டிருக்கான்!

இப்போ மூச்சு வாங்கிக்கிட்டு முறையா ஆரம்பிக்கறேன். நீங்களும் அத்தையும் நலமா? இங்க நாங்க நலம். அம்மாவுக்கு இடுப்பு வலி பரவால்ல, திட்டற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு.

இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா உங்களோட போன்ல பேசினா "ம், சாப்டியா, சரி வெச்சிடறேன்" தவிர ஒரு வார்த்தை வாங்க முடியுமா? பேப்பர்லதான் நீங்க மனுஷங்க மாதிரி பேசறீங்க. அதான் கடிதம்.

அத்தை எல்லாத்தையும் அம்மாகிட்ட சொல்லிட்டாங்க. துறைமுகத்து டாக்டர் சர்க்கரைன்னு சொல்லி மாத்திரை கொடுத்தது, ஜூன் மாசத்துக்குள்ள கட்டுக்குள்ள வரலன்னா கேபின்ல ஏற விடமாட்டோம், ஸ்டோர்ல உக்காந்து சாமான் எடுத்துக் கொடுங்கன்னு சொன்னது, எல்லாம். நீங்க ஸ்டோர்லயா? அவ்வளவு உசரத்துல உக்காந்து கப்பல்லேருந்து கண்டெய்னரைப் பூ மாதிரி தூக்கி வைக்கற ஆளு, கீழ உக்காந்து கையுறை கொடுக்கறதா? என்னால நினைச்சே பாக்க முடியல. ஸ்கூல் படிக்கறப்போ அப்பா என்ன வேலைன்னு கேட்டாக்கூட நான் மாமா வேலையைத்தான் சொல்வேன், டீச்சர் திருத்தித் திருத்தி அலுத்துப் போயிட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். நான் போன் ரிப்பேர் கடையில ஸ்க்ரூ கழட்டற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் உடம்பு பத்தின வீடியோதான் பாக்கறேன்னு தெரியுமில்ல? ரத்தத்துல ஓடற சர்க்கரை தசைக்குள்ள போகணும்னா, இன்சுலின் வந்து கதவைத் திறக்கணும். உங்களுக்கு அந்தக் கதவு துருப்பிடிச்சுப் போச்சு. ஆனா தசை வேலை செய்யும்போது பாருங்க, அது இன்சுலினுக்காகக் காத்துக்கிட்டே நிக்காது. உள்ளேயிருந்து தானே கதவைத் திறந்து சர்க்கரையை இழுத்துப் போட்டுக்கும். அதுலயும் தொடையும் கெண்டைக்காலும் பெரிய தசைங்க, ரெண்டும் அடங்காத பசிக்கார ஆளுங்க. ஊர்ல நடிகனுக்கு ரசிகர் மன்றம் வைக்கறாங்க, நான் கெண்டைக்காலுக்கு வைக்கப் போறேன்.

அதனால, நாளைலேருந்து கிரேன்ல லிஃப்ட்டுக்கு டாட்டா. படி ஏறுங்க. சாப்பிட்டதும் படுக்காம ஒரு நடை நடங்க. டீயில சர்க்கரை வேண்டாம். ஜூன்ல அந்த டாக்டர் மூஞ்சியை நான் பாக்கணும்.

அத்தைக்கு என் அன்பு. உடனே பதில் போடுங்க.

உங்கள் மருமகள்,
வாயாடி

---

ஜனவரி 24

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உங்கள் அனைவரின் நலமறிய ஆவல். அக்காவை இடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். திட்டுவதைக் குறைத்தாலே பாதி வலி போய்விடும் என்று நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் கடிதத்தை உன் அத்தை எனக்கு முன்பே படித்துவிட்டாள். மறுநாள் காலை டீயில் சர்க்கரை இல்லை. கேட்டதற்கு "உங்க மருமக உத்தரவு" என்றாள். இரண்டு பெண்கள் கூட்டணி போட்டால் ஒரு ஆண் என்ன செய்ய முடியும்? படி ஏறினேன்.

முதல் நாள் பாதியில் நின்று, கடலைப் பார்ப்பது போல நடித்து மூச்சு வாங்கினேன். என்னோடு கேபினை மாற்றிக்கொள்ளும் ஜோடிக்காரன் இருக்கிறானே, நெட்டையன், கொக்கு என்று நாங்கள் கூப்பிடுகிறவன், அவன் லிஃப்டில் என்னைத் தாண்டிப் போகும்போது, "என்ன அண்ணே, லிஃப்ட்டுக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்றான். கீழே நின்று ரேடியோவில் சைகை சொல்கிற பையன்கள் வரை எல்லோருக்கும் இது பரவிவிட்டது.

ஆனால் இப்போது நிற்காமல் ஏறுகிறேன். வியர்த்து மேலே போய்க் கதவைத் திறந்தால், காலடிக் கண்ணாடித் தரைக்குக் கீழே கப்பல் முழுக்கத் தெரிகிறது. இத்தனை வருடத்தில் அதை நான் இவ்வளவு உரிமையோடு பார்த்ததில்லை. நடந்து வந்து சேர்ந்த இடம் என்று தோன்றுகிறது.

வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி வாங்கியிருக்கிறோம். காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

உன் அன்பு மாமா

---

பிப்ரவரி 6

என் தங்க மாமாவுக்கு,

எல்லாரும் நலமா? நாங்க நலம், நான் ரொம்ப ரொம்ப நலம். உங்க கடிதத்தைக் கடையில வெச்சு சத்தமா படிச்சேன். முதலாளி "யாருடி அந்தக் கொக்கு, நம்ம கடைக்கு வேணுமே"ன்னாரு. ஏன்னு கேக்காதீங்க, மேல் தட்டுல இருக்கற டப்பா எடுக்கறதுக்கு.

உங்களுக்கு இன்னொரு ரகசியம் சொல்றேன். படி ஏறி முடிச்சு நீங்க உக்காந்துடறீங்கல்ல, தசை அதோட நிறுத்தாது மாமா. காலியான கிடங்கை நிரப்பறதுக்காக அதுக்கப்புறமும் பல மணி நேரம், சில சமயம் மறுநாள் வரைக்கும்கூட சர்க்கரையை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அடுப்பை அணைச்சாலும் கல்லு சூடாவே இருக்கில்ல, அந்த மாதிரி. துருப்பிடிச்ச கதவும் மெல்ல மெல்ல எண்ணெய் போட்ட மாதிரி ஆயிடும். நீங்க சீட்டுல உக்காந்து கண்டெய்னர் தூக்கறீங்க, உங்களுக்குள்ள உங்க கால் தனியா ஒரு ஷிப்ட் பாத்துக்கிட்டிருக்கு. கூலி கூட கேக்கறதில்ல. இதுக்கு நான் ரசிகையா இல்லாம எப்படி இருக்கறது, சொல்லுங்க?

அதனால விடாதீங்க. சாயங்காலமும் இறங்கும்போது படியிலயே இறங்குங்க. பத்து மணி பிஸ்கட்டையும் நிறுத்திடுங்க, அது சும்மா பழக்கம்தான், பசி இல்ல.

அத்தையை நலம் விசாரிச்சதா சொல்லுங்க.

உங்கள் ரசிகர் மன்றத் தலைவி,
வாயாடி

---

பிப்ரவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

காலையில் பார்க்கும் சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது. உன் அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். படி ஏறுவது, பிஸ்கட்டை நிறுத்தியது எல்லாம் நீ சொன்னபடிதான்.

ஒன்று கேட்க வேண்டும். ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன். வயதாக ஆக, அதுவரை இல்லாத ஒரு பயம் மனிதனுக்குப் புதிதாக வருமா? பழகிய இடத்திலேயே, பழகிய வேலையிலேயே? உன் வீடியோக்களில் அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? அவசரம் ஒன்றும் இல்லை.

இங்கே மழை. வேலை அதிகம். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமா

---

மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? இங்க எல்லாரும் நலம். என்ன மாமா, கடிதம் போன் மாதிரி ஆயிடுச்சு, இவ்வளவு சின்னதா? சர்க்கரை இறங்கினதைக் கொண்டாட வேண்டாமா? நான் இங்க முதலாளிக்கே டீ வாங்கிக் கொடுத்துட்டேன்.

உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க, பயம் எந்த வயசுலயும் வரும், வெக்கப்பட ஒண்ணுமில்ல. மூச்சை மெதுவா இழுத்து, அதைவிட மெதுவா விடச் சொல்லுங்க. எனக்குக்கூட நீச்சல் தெரிஞ்சும் ஒரு நாள் குளத்துல திடீர்னு பயம் வந்துச்சு, அப்புறம் போயிடுச்சு. அவருக்கு என்ன பயம், தண்ணியா, இருட்டா, பொண்டாட்டியா? கடைசின்னா மருந்தே இல்லன்னு சொல்லிடுங்க.

கொக்கு என்ன சொல்றாரு? படியில ஏற ஆரம்பிச்சாரா?

உங்கள்,
வாயாடி

---

ஏப்ரல் 2

மாமாவுக்கு,

நலமா? நிஜமாவே கேக்கறேன், நலமா?

போன மாசம் கடிதம் போட்டேன், இன்னும் பதில் வரல. போன வாரம் போன் பண்ணினப்போ "ம்"முன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தீங்க. நீங்க பேசாம இருக்கறது எனக்குப் பழக்கம்தான், ஆனா இது வேற பேசாம இருக்கறது. நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா? உங்க நண்பரைக் கிண்டல் பண்ணினது பிடிக்கலையா?

ஒரு வரி போதும்.

வாயாடி

---

ஏப்ரல் 9

என் கண்ணுக்கு அத்தை எழுதறது,

நானும் மாமாவும் உடம்பு அளவுல நல்லா இருக்கோம். நீயும் அம்மாவும் நல்லா இருக்கீங்களா? இதை நான் எழுதறது மாமாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டாம்.

உன் மாமா ஸ்டோர் வேலைக்கு மாத்திக் கொடுங்கன்னு அவராவே கேட்டிருக்காரு. டாக்டர் சொல்லல, யாரும் சொல்லல. மாசக் கடைசியில மாத்திடுவாங்களாம். என்கிட்ட முழங்கால் வலின்னு சொன்னாரு. பொய். அந்த முழங்காலோட நம்ம வீட்டு மாடிக்கு என்னைவிட வேகமா ஏறறாரு. நான் விடாம நச்சரிச்சப்புறம் ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "எனக்கு உசரம் பயமா இருக்குடி."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு கண்ணு, அப்புறம் அவரு மூஞ்சியைப் பாத்துட்டு அடக்கிக்கிட்டேன். மேல போன கொஞ்ச நேரத்துல கை நடுங்குதாம், நெஞ்சு அடிக்குதாம், சட்டை நனையற மாதிரி வேர்க்குதாம். கண்ணாடித் தரையைப் பாத்தா கீழ இழுக்கற மாதிரி இருக்காம். "எனக்குக் கீழ ஆளுங்க நிக்கறாங்க, இந்தக் கையோட நான் எப்படித் தூக்கறது"ன்னு கேக்கறாரு. நடுக்கம் வந்தா உடனே கண்டெய்னரை இறக்கி வெச்சுட்டு, கொக்கு தம்பியை மேல கூப்பிட்டுக் கொடுத்துட்டுக் கீழ வந்துடறாராம். அந்தத் தம்பி யாருகிட்டயும் சொல்லல. பாவம், ரெண்டு பேரோட வேலையையும் அதுதான் பாக்குது.

எனக்குத்தான் ஒண்ணும் புரியல. ஞாயித்துக்கிழமை ஸ்டூல் மேல ஸ்டூல் போட்டு ஏறி மாடிப்படி பல்பை மாத்தினாரு, கை ஆடவே இல்ல. வேலைநாள்லயும் கீழ வந்து டீக்கடைல ஒரு டீ குடிச்சா கொஞ்ச நேரத்துல பழைய ஆளா ஆயிடறாராம், கொக்கு தம்பி சொல்லுது. நம்ம வீட்டு டீயிலதான் நீ சொன்னதுலேருந்து சர்க்கரை இல்ல, கடைக்காரன் போடாம இருப்பானா? அதையும் நான் கேக்கல, போகட்டும்னு விட்டுட்டேன்.

இருபது வருஷமா நான் ஜன்னல்லேருந்து அந்தக் கிரேனைப் பாத்துத்தான் இவரு இருக்காருன்னு நிம்மதியா சமைப்பேன். நீ ஏதாவது படிச்சிருந்தா சொல்லு.

அன்புடன்,
அத்தை

---

ஏப்ரல் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் ஆகத்தான் போறீங்க. இந்தத் தடவை கேக்கல, சொல்றேன்.

நேத்து போன்ல கத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்க. அத்தை மேலயும் கோவப்படாதீங்க. நான் சொன்னது பாதி புரியல, எழுதி அனுப்புன்னு நீங்க சொன்னீங்க. போன்ல நீங்க பேசினதிலேயே நீளமான வாக்கியம் அதுதான், அதனால எழுதறேன்.

அத்தை கடிதம் வந்தப்போ ஒரு கஸ்டமரோட போனைக் கழட்டிப் போட்டிருந்தேன். பேட்டரி ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம். டீ குடிச்சா பயம் போயிடுதுன்னு அத்தை எழுதின வரியைப் படிச்சதும் கையில இருந்த ஸ்க்ரூ எங்க விழுந்துச்சுன்னே தெரியல. இன்னும் கிடைக்கல, முதலாளி தேடிக்கிட்டிருக்காரு.

டீ குடிச்சா போற பயம் எங்கயாவது இருக்கா மாமா?

உங்களுக்கு வந்தது உசரப் பயம் இல்லன்னு நினைக்கறேன். சர்க்கரை ரொம்பக் கீழ போயிடுது. அத்தைகிட்ட பேர் கேட்டுப் பாத்தேன், டாக்டர் கொடுத்த மாத்திரை உடம்பை அதிகமா இன்சுலின் விட வைக்குது. அந்த மாத்திரையை அவரு கணக்குப் போட்டது, லிஃப்ட்ல ஏறி நாள் பூரா உக்காந்திருக்கற ஆளுக்கு. இப்போ நீங்க அந்த ஆளே இல்ல. படி ஏறி ஏறி உங்க கால் பசியோட இருக்கு, கதவெல்லாம் எண்ணெய் போட்டுத் திறந்து கிடக்கு. மாத்திரை ஒரு பக்கம் சர்க்கரையை இழுக்குது, கால் ஒரு பக்கம் இழுக்குது, நடுவுல புத்திசாலி நான் வேற பிஸ்கட்டைப் பிடுங்கிட்டேன். அடுப்பை அணைச்சாலும் கல்லு சூடா இருக்கும்னு பெருமையா எழுதினேன், அந்தச் சூட்டுல நீங்கதான் வெந்துக்கிட்டிருக்கீங்கன்னு எனக்கு உறைக்கல.

சர்க்கரை அப்படி விழும்போது உடம்பு அபாய மணி அடிக்கும். அந்த மணி எது தெரியுமா? பயந்தா ரத்தத்துல ஓடற அதே அட்ரினலின்தான். அதே நடுக்கம், அதே வேர்வை, அதே நெஞ்சடிப்பு. காலுக்குக் கீழ கண்ணாடி இருந்ததால நீங்க உசரத்து மேல பழி போட்டுட்டீங்க. சமையலறையில வந்திருந்தா அத்தை மேல போட்டிருப்பீங்க. ஸ்டூல்ல ஏன் நடுங்கல? அன்னிக்கு லீவு, நீங்க படி ஏறல, வீட்டுல நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பீங்க.

ஆனா நான் டாக்டர் இல்ல மாமா. இந்த மூணு மாசத்துல இந்த ஒரு வரியைத்தான் நான் முதல்ல எழுதியிருக்கணும். நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. கண்ட்ரோல்ல உக்காராதீங்க. அடுத்த தடவை அது வரும்போது விரலைக் குத்திப் பாருங்க, பாத்ததும் சர்க்கரை போட்டுக்கோங்க, அந்த எண்ணை எடுத்துக்கிட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க. அதுவரைக்கும் சட்டைப் பையில மிட்டாய் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்காதீங்க.

என் கணிப்பு தப்பா இருந்தா எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. சரியா இருந்தா ஸ்டோர்க்காரருகிட்ட போய் நான் வரலன்னு சொல்லிடுங்க.

பயத்தோட,
வாயாடி

---

ஜூன் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே நலம். நீயும் அக்காவும் நலமா? ஸ்க்ரூ கிடைத்ததா?

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் போடாததற்குக் காரணம் உண்டு. முடிவு தெரியாமல் உனக்கு எழுத மனம் வரவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் கொக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கண்ட்ரோலில் உட்கார்ந்தான், நான் வழக்கம்போலப் படியேறி, அவனுக்குப் பின்னால் மடிப்பு நாற்காலியில் கருவியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பயம் வருமா வருமா என்று ஒருவன் ஆசையோடு காத்திருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? வராவிட்டால் ஸ்டோர்தானே. வந்தது. விரல் நுனி நடுங்கியது, கழுத்தில் வியர்வை ஓடியது. குத்திப் பார்த்தேன். ஐம்பத்துச் சொச்சம். எழுபதுக்குக் கீழே போகக் கூடாது.

கொக்கு கண்டெய்னரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, இது பாஸ் மார்க்கா, பெயிலா?" என்றான். பெயில்டா, நல்ல பெயில் என்றேன். மூன்று மிட்டாயை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டேன். கால் மணி நேரத்தில் கை நின்றது. பிறகு மெதுவாகக் குனிந்து கண்ணாடி வழியே கீழே பார்த்தேன். பழைய கப்பல், பழைய தளம், எறும்பு மாதிரி பழைய ஆட்கள். ஒன்றும் என்னை இழுக்கவில்லை. நான் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தேன். கொக்கு பார்க்காதது போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரிடம் போனோம். படி ஏறுகிறேன் என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "மயக்கம் மாதிரி வந்தா சொல்லுங்கன்னு அன்னிக்கே சொன்னேனே, ஏன் சொல்லல?" என்றார். வந்தது மயக்கம் இல்லையே டாக்டர், பயம் என்று நினைத்தேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. அந்த மாத்திரையை நிறுத்தி, அதை மட்டும் சாப்பிட்டால் சர்க்கரையை அப்படிக் கீழே தள்ளாத வேறொன்றைக் கொடுத்தார். சில வாரம் தரையில் வைத்துப் பல நேரங்களில் பரிசோதித்தார். படியை மட்டும் விடாதீர்கள், உங்களுக்குப் பாதி வைத்தியம் அதுதான் என்றார். உன்னைப் பற்றிச் சொன்னேன். கெட்டிக்காரப் பெண், ஆனால் அடுத்த முறை என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள் என்றார். நீ திட்டு வாங்கியாகிவிட்டது, நான் தனியாகத் திட்டவில்லை.

நேற்று, கேபினில் ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இன்று காலை ஏறினேன். நான்தான் கண்ட்ரோலில். முதல் கண்டெய்னரை வைத்தபோது சத்தமே வரவில்லை என்று கீழே நின்ற பையன் ரேடியோவில் சொன்னான். ஜன்னலில் உன் அத்தை துண்டை ஆட்டியது தெரிந்தது. சமையலைப் பார்க்கச் சொல்லி யார் சொல்வது?

பயந்துவிட்டேன் என்று உன்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். அந்த நண்பர் கொஞ்சம் கூச்ச சுபாவம்.

இங்கே ஒரு செய்தி. கொக்கும் படி ஏறுகிறான். பாதியில் நின்று கடலைப் பார்க்கிறான். கேன்டீனில் எல்லோரும் உன் கடிதங்களைக் கேட்கிறார்கள். நான் கொடுக்கவில்லை, ஒன்றில் "பொண்டாட்டியா" என்று எழுதியிருக்கிறாய். ஒட்டிவைக்கிற மாதிரி ஒன்று எழுதி அனுப்பு.

உன் அன்பு மாமா,
மேலேயிருந்து

---

ஜூன் 10

கிரேன் மாமாக்கள், அண்ணன்கள், ரேடியோ தம்பிகள் எல்லாருக்கும்,

நலமா? நான் உங்க கிரேன்காரரோட மருமக, கெண்டைக்கால் ரசிகர் மன்றத் தலைவி. மாமாவோட கடிதத்தைப் படிச்சு நானும் அம்மாவும் கட்டிப் பிடிச்சு அழுதோம், அப்புறம் அம்மா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா அழுதாங்க. ஸ்க்ரூ கிடைச்சுடுச்சு, முதலாளி செருப்புக்குள்ள இருந்துச்சு.

படி ஏறுங்க. உங்க கால் உங்களுக்காக எப்பவும் ஷிப்ட் பாக்கத் தயாரா இருக்கு, கூப்பிட்டா போதும். ஆனா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறவங்க, ஏறறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஏறுங்க. உங்க உடம்பு மாறும்போது மருந்தும் கூட மாறணும். பையில மிட்டாய் வெச்சுக்கோங்க. கை நடுங்கினா, வேர்த்தா, நெஞ்சு படபடன்னு அடிச்சா, வேலையை நிறுத்திட்டு விரலைக் குத்திப் பாருங்க. நமக்கு வயசாயிடுச்சு, தைரியம் போயிடுச்சுன்னு நீங்களே தீர்ப்பு எழுதிக்காதீங்க. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க. கொக்கு அண்ணன் மாதிரி ஒரு ஆளு எல்லாருக்கும் பக்கத்துலயே இருப்பாங்க.

இதை போர்டுல ஒட்டினதோட விடாதீங்க. போட்டோ எடுத்து அடுத்த கப்பல் தளத்து ஆளுங்களுக்கு அனுப்புங்க, வீட்டுல சத்தமா படிச்சுக் காட்டுங்க. உங்கள்ல யாராவது, பயம்னு நினைச்சு எதையாவது விட்டுட்டுச் சத்தமில்லாம கீழ இறங்கி வந்திருக்கீங்களா? எனக்கு எழுதுங்க. கூச்சமா இருந்தா ஒரு நண்பருக்காகக் கேக்கறேன்னு எழுதுங்க, எனக்குப் புரியும்.

அன்புடன்,
வாயாடி